சலூத் நிற்காமல் ஓடிய மாலை

சலூத் கால்வேயின் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் பாதி அவளுடையது, மீதி ஆறு பேருடையது. ரத்தம் அப்படியெல்லாம் பிரிந்து நிற்காது, கொஞ்ச நாளில் பழையது போய்ப் புதியது ஊறிவிடும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சலூத்தின் உடம்பு சலூத்துக்குத்தான் தெரியும்.

கிமாராஸ் தீவில், புயெனாவிஸ்தாவுக்குப் போகும் சாலை கடலைப் பார்த்து வளைகிற இடத்தில் அவளுடைய பலகைக் கடை இருக்கிறது. தென்னங்குருத்தில் சுற்றி அவித்த இபோஸ் சோறு, வேகவைத்த வாழைப்பழம், காலம் வந்தால் மாம்பழம், இவ்வளவுதான் வியாபாரம். கணவர் தியோ ட்ரைசிகிள் என்கிற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிறார். பிள்ளைகள் கரை தாண்டிப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அந்த வளைவில் ஓட்டக்காரர்கள் வந்து நிற்பார்கள். மாரத்தான் தூரம் போதாது என்று, வருஷத்துக்கு ஒரு முறை தீவையே சுற்றி ஓடும் ஓட்டத்துக்குப் பழகுகிற கூட்டம் அது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவன் ஒருவன், கப்பலில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தால் ஓட்டமே கதி என்று கிடக்கும் டெல்ஃபின், இப்படி ஆறு பேர். வாழைப்பழத்தை உப்பில் தொட்டுத் தின்றுவிட்டு மறுபடி ஓடிவிடுவார்கள்.

"பின்னாடி ஒரு நாய்கூட வரலியே, எதுக்குடா இப்படி ஓடுறீங்க?" என்பாள் சலூத்.

"நாய் வந்தா இன்னும் நல்லா ஓடுவோம் மனாங்" என்பான் டெல்ஃபின். மூத்தவளை மனாங் என்பதும் மூத்தவரை மனோங் என்பதும் அங்கே வழக்கம். சின்னப் பையன்களுக்குத் தோதோ.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, கடல் தாண்டி இலோய்லோ பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அறுத்து எடுக்க வேண்டும், அதற்கு ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்களைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். தியோவின் தம்பிகளில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. இன்னொருவர் முந்தின நாள் கல்யாணத்தில் குடித்திருந்தார். துணிமணி எடுக்கத் தீவுக்குத் திரும்பிய தியோ, மூடிக் கிடந்த கடையின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வாழைப்பழத்துக்கு வந்த ஆறு பேரும் விஷயத்தைக் கேட்டார்கள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அதே ஈர பனியனோடு, அதே சேற்றுக் காலணியோடு படகு ஏறிவிட்டார்கள்.

நர்சம்மா கத்தித் தீர்த்துவிட்டாளாம். "வேர்வைகூடக் காயல, ரத்தம் குடுக்க வந்துட்டீங்களா? எல்லாரும் உக்காருங்க. தண்ணி குடிங்க. சாப்பிடுங்க. அப்புறமாத்தான் ஊசி." ஆறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, வேர்வை ஆறிய பிறகு கையை நீட்டினார்கள்.

சலூத் பிழைத்தாள். கடை திறந்தாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு முகங்களும் எதிரே வந்து நின்றன. சலாமாத் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நன்றி சொல்ல அங்கே அந்த ஒரு சொல்தான். ஆனால் சொல் வரவில்லை. வழி விட்டாலும் சலாமாத், சில்லறை கொடுத்தாலும் சலாமாத், குடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலும் சலாமாத். அதே சொல்லையா ரத்தத்துக்கும் சொல்வது? அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆளுக்கு இரண்டு பழம் கூடுதலாக வைத்தாள்.

அன்று மாலையே கோவிலுக்குப் போய் மாதாவிடம் நேர்ச்சை வைத்தாள். 'இவர்கள் ஓடுகிற அந்த முழு ஓட்டத்தை, தீவைச் சுற்றி, கோவிலில் மாலை மணி அடிக்கும் முன் என் காலாலேயே ஓடி முடிப்பேன். முடித்த பிறகுதான் இவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்வேன். அதுவரை சொல்ல மாட்டேன்.'

தியோ தலையில் கை வைத்துக்கொண்டார். "மெழுகுவத்தி ஏத்தறேன்னு வேண்டிக்கக் கூடாதா? உனக்கு வயசு என்னாச்சு?"

"ஓடறது என் வயசா? அவங்க ரத்தம்தானே ஓடப் போகுது. நான் சும்மா கூடப் போறேன்."

நைட்டியின் மேல் யாரோ கொடுத்த பழைய பனியனை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு ஓடிப் பழகினாள். நைட்டிக்குப் பை இருக்கிறது, அதில் உப்பும் ஜெபமாலையும் வைத்துக்கொள்ளலாம், கால்சட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்பாள். தெருவில் எல்லோருக்கும் பொழுதுபோக்கு கிடைத்தது.

"சலூத், தியோ அடிச்சாரா? அம்மா வீட்டுக்கா ஓடுற?"

"இல்ல, உன் அடுப்புல என்ன கருகுதுன்னு பாக்கத்தான் ஓடுறேன். போய் இறக்கி வை."

முதல் வருஷம் வயிறு கெடுத்தது. காற்றாலைகளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீட்டு வாசலில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாள். அது மனோங் உர்பானோவின் வாசல். அந்தக் கிழவரை ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், பேர் மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது. குழாய்க்காரர் என்பார்கள். ஓட்ட நாளில் காலையிலிருந்து வேலி ஓரம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று, வெயிலில் வருகிறவர்கள் தலையில் பீய்ச்சுவார். விடைத்த காது இரண்டும் வெயிலில் சிவந்திருக்கும். யாரும் அவரை நிற்கச் சொன்னதில்லை. அன்று அவர் குழாயைத் திருப்பி சலூத்தையும் கழுவினார், வாசலையும் கழுவினார். பிறகு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

இரண்டாம் வருஷம் வயிறு நன்றாக இருந்தது, அதுதான் வினை. அந்தத் தீவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாரும் தெருவில் போகிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். சிரித்து, ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். அதுதான் மரியாதை. சலூத்துக்கு அது முடியாது. கூப்பிட்டவர் முகம் வாடிவிடுமே என்று நிற்பாள். ஒரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டில் ஊர்க் கதை, ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. அங்கே ஆடியும் விட்டாள். உர்பானோ வாசலுக்கு வந்தபோது வெயிலே இறங்கிவிட்டிருந்தது.

"என்ன, அடுத்த வருஷ ஓட்டத்துக்கு இப்பவே வந்துட்டியா?" என்று கேட்டபடி, குளிரக் குளிர ஒரு பீய்ச்சு பீய்ச்சினார் கிழவர்.

அன்று காற்றாலைகளுக்குக் கீழேயே மாலை மணியின் நேரம் தாண்டிவிட்டது. சொல் சொல்லப்படாமல் இன்னொரு வருஷம் தொண்டையில் கிடந்தது.

மூன்றாவது வருஷம் ஓட்டத்துக்கு முன் டெல்ஃபின் கடைக்கு வந்தான். கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டதாம். ஓட்டம் முடிந்து வரும் வெள்ளிக்கிழமையே மணிலா, அங்கிருந்து கடல். திரும்பி வர எவ்வளவு காலம் ஆகுமோ. ஆசிரியைக்கும் வேறு தீவுக்கு மாற்றலாகிவிட்டது. ஆறு பேரும் ஒரே இடத்தில் நிற்கப்போவது இந்த ஓட்டத்தின் முடிவில்தான். அதற்குப் பிறகு சலூத் யாரிடம் போய்ச் சொல்வாள்?

"இந்த வருஷம் நான் ஓடல மனாங். கடைசி ஆளு வேலை எனக்குத்தான்" என்றான் டெல்ஃபின். கடைசி ஆள் என்றால் எல்லோருக்கும் பின்னால் வருகிறவன். வழி காட்டக் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே, கடைசியாக ஓடுகிறவரைத் தனியே விடாமல் கூட வர வேண்டும். "கடைசியா வரப்போறது நீங்கதானே. அதான் நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"வாயக் கழுவு."

"கழுவுறேன். ஆனா ஒண்ணு. வீட்டுல யார் கூப்பிட்டாலும் நிக்கக் கூடாது. தார்ப்பாய் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, தண்ணி வச்சிருந்தா அது நம்ம பந்தல். அங்க மட்டும்தான் நிக்கணும். தார்ப்பாய் இல்லன்னா, சாமியே கூப்பிட்டாலும் போய்க்கிட்டே இருக்கணும். சரியா?"

"மாதா மேல சத்தியம்."

சத்தியத்தைச் சத்தியமாகவே காப்பாற்றினாள். சேவல் கூவும் முன் கிளம்பி, ஹோர்தான் ஊரைக் கடந்து, தெற்கே மாந்தோப்புகளுக்குள் புகுந்து வெளியே வந்தாள். கருவாட்டு வீட்டில் கூப்பிட்டார்கள். "தார்ப்பாய் இல்லையே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஞானஸ்நானக் குழந்தை இப்போது நடந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தும் நிற்கவில்லை. பின்னால் ரிப்பன் கற்றையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த டெல்ஃபினுக்கே ஆச்சரியம்.

"மனாங், இப்படியே போனா மணிக்கு முன்னாடியே போயிடுவோம்."

"வாயக் கழுவச் சொன்னேன்ல?"

ஆனாலும் உச்சி வெயில் சாய்ந்த பிறகு அவளுக்குக் கால் கல்லானது. புருவத்து வேர்வை கண்ணில் இறங்கி உப்பாய் எரிந்தது. மனோங் உர்பானோவின் குழாயை நினைத்துக்கொண்டுதான் அடி எடுத்து வைத்தாள். அந்த வேலி வரட்டும், தலையை நீட்டுவோம், கிழவர் ஏதாவது கிண்டல் சொல்வார், திருப்பி ஒன்று சொல்வோம். சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தாள். சாலை நீண்டுகொண்டே போனது. வேலி ஓரம் யாரும் நிற்கவில்லை, தண்ணீர் எதுவும் பறக்கவில்லை. இன்னும் வரவில்லை போலும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. வீட்டு முகப்பையே மறைத்த பெரிய பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசை மேல் பிஸ்கட், தண்ணீர்க் குடம், ஆவி பறக்கும் பாத்திரம். நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆட்களுக்காகக் காத்திருக்கும் பந்தலில் வேறு என்ன செய்வார்கள்? டெல்ஃபின் பின்னால் ஒரு மரத்தில் இறுகிப்போன ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

சலூத் உள்ளே போய் ஒரு நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

"என்னப்பா, கடைசியா வந்தா வெறும் பிஸ்கட்டுதானா? சூப்பு இருக்குல்ல, ஊத்துங்க. உப்பு எங்க? பந்தல் மட்டும் திருவிழா மாதிரி போட்டிருக்கீங்க, ஒருத்தர் மூஞ்சிலயும் சிரிப்பக் காணோமே! நான் என்ன செத்துப் போயா வந்திருக்கேன்?"

சீட்டாட்டம் நின்றது. ஒருவர் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஒரு பெண் மறுபேச்சுப் பேசாமல் மக்கரோனி சூப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். சலூத் அதை ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள், வழிக்கு ஆகும் என்று பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து நைட்டிப் பையில் திணித்தாள். கை துடைக்கத் திரும்பியபோது வீட்டின் உள்ளே கண் போனது.

வெள்ளைப் பெட்டி. இரண்டு பக்கமும் விளக்கு. பெட்டி மேல் ஒரு படம். படத்தில் இருந்தவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சிரிக்காமல், யாரோ போல இருந்தார். விடைத்த அந்தக் காது மட்டும் குழாய்க்காரருடைய காது.

கையிலிருந்த கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்தாள். மனாங் கொன்சிங், உர்பானோவின் மனைவி. சலூத்தின் பனியனில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், வேர்வையில் நனைந்த தலையைப் பார்த்தாள்.

"ஓட்டத்துலேருந்தா வர்ற?"

"ஆமா மனாங்..."

"அவருக்காகவா உள்ள வந்த?"

தெரியாமல் வந்துவிட்டேன், பந்தலைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. நாக்கின் நுனிவரை அதுதான் வந்தது. ஆனால் கிழவி இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா மனாங்" என்றாள் சலூத். "அவரப் பாக்காம எப்படிப் போவேன்?"

பொய்யாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் அது உண்மையாகிவிட்டது.

கொன்சிங் அவளைப் பெட்டி அருகே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். "காலையிலேருந்து எல்லாரும் போறாங்க. வேலிகிட்ட வந்ததும் தலைய நீட்டறாங்க, தண்ணி இல்லன்னதும் போயிடறாங்க. அவங்களக் குத்தம் சொல்லல, தலை குனிஞ்சு ஓடறவங்களுக்கு என்ன தெரியும்? ஆனா ஒருத்தராவது அவர் எங்கன்னு கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. நீ வந்துட்ட."

சலூத் நைட்டிப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். 

"ஒவ்வொரு வருஷமும் ராத்திரி சாப்பாட்டுல அதையேதான் கேப்பாரு. இவங்கல்லாம் எங்கதான்டி போய் நிக்கறாங்க? அந்த முடிவுல என்னதான் இருக்கு? ஒரு வருஷம் நானும் போய்ப் பாத்துட்டு வர்றேன்னுவாரு. போகல. தண்ணி யாரு பிடிப்பான்னு நின்னுட்டாரு."

வெளியே டெல்ஃபின் வந்துவிட்டான். வேலியருகே நின்று பந்தலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, மெதுவாக உள்ளே வந்து சலூத்தின் பின்னால் குனிந்தான்.

"மனாங், இது நம்ம பந்தல் இல்ல. நம்மளது அடுத்த வளைவுல."

"தெரியும். சும்மா இரு."

"நேரம் போகுது மனாங்."

"ஜெபம் சொல்லாம எழுந்திரிக்கச் சொல்றியா? உக்காரு நீயும்."

காற்றாலையின் நிழல் சாலையைத் தாண்டி முற்றத்துக்குள் நீளத் தொடங்கியிருந்தது. அவள் ஜெபத்தை அவசரப்படுத்தவில்லை. இந்த மனிதர் ஒரு தடவை என் வாந்தியைக் கழுவினார், நான் இவருக்கு ஒரு ஜெபத்தை ஒழுங்காகச் சொல்லக் கூடாதா? முடித்து எழுந்தபோது டெல்ஃபின் தாங்கிப் பிடித்தான்.

அங்கே துக்க வீட்டில் சீட்டாடலாம், சாப்பிடலாம், ஆனால் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, வீட்டார் வாசல்வரை வந்து வழியனுப்பவும் கூடாது. ஆறு பேரிடம் சொல்லாமல் அடக்கி வைத்தது போதாதென்று, ஏழாவதாக இங்கேயும் வாயை இறுக மூட வேண்டியதாயிற்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் சாலைக்கு வந்தாள்.

நாலடி வைத்திருப்பாள். பின்னாலிருந்து சளாரென்று குளிர்ந்த தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. உள்ளே, வீட்டுப் படியிலேயே நின்றபடி, கிழவி குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தண்ணீர் மட்டும் வேலியைத் தாண்டி வளைந்து வந்தது. சலூத் திரும்பிப் பார்க்காமல் நின்று முழுக்க நனைந்தாள். அப்புறம் ஓடினாள்.

அடுத்த வளைவில் அவர்களுடைய உண்மையான பந்தல் தெரிந்தது. டெல்ஃபினுக்கு உயிர் வந்தது.

"மனாங், அங்க ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போயிடுவோம். துக்க வீட்டுலேருந்து நேரா போகக் கூடாது. நடுவுல எங்கயாவது நின்னாத்தான் செத்தவர் அங்கேயே தங்கிடுவாரு. இல்லன்னா கூடவே வருவாரு."

சலூத் நடையைக் குறைக்கவில்லை.

"மனாங்!"

"கூட வருவாரா?"

"ஆமா! அதுக்குத்தானே சொல்றேன்."

"வரட்டுமே."

"என்னது?"

"வரட்டும்டா தோதோ. அத்தன வருஷம் வேலியோரம் நின்னு எல்லாரையும் அனுப்பி வச்சாரு. போற இடத்த அவர் பாக்கவே இல்ல. இன்னிக்கு என்கூட வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் நிக்க மாட்டேன். நின்னா அவரும் நின்னுடுவாரு."

டெல்ஃபின் தன்னை அறியாமல் திரும்பிப் பார்த்தான். சாலையில் சலூத் சொட்டிக்கொண்டு வந்த ஈரத் தடம் மட்டும் இருந்தது. பெருங்கடலில் புயலைப் பார்த்தவன், அந்த ஈரத்தைப் பார்த்து வேகமாக ஓடி சலூத்தின் முன்னால் போய்விட்டான்.

"டேய், கடைசி ஆளு நீ. பின்னாடி வாடா."

"பின்னாடிதான் அவர் வர்றாரே!"

பந்தலில் இருந்தவர்கள் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு எழுந்தார்கள். சலூத் கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போனாள். கூட வந்த டெல்ஃபின், "நிக்க முடியாது, நிக்க முடியாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினான். காற்றாலைகளுக்குக் கீழே, போன வருஷம் அவளுக்கு நேரம் முடிந்துபோன அதே இடத்தையும் தாண்டினார்கள். கடைகளில் கூப்பிட்டார்கள். சொந்தக்காரி ஒருத்தி வீட்டு மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டாள். எல்லா வீட்டிலும் நின்று நின்று போன சலூத், பிறந்ததிலிருந்து ஒரு வாசலையும் தாண்ட முடியாத சலூத், அன்று எந்த வாசலிலும் நிற்கவில்லை. கால் வலித்தால் தனக்குள் பேசிக்கொண்டாள். "மனோங், கொஞ்சம் பொறுத்துக்குங்க. மேடு வருது. இந்த மேட்டுக்கு அப்புறம் கடல் தெரியும் பாருங்க." டெல்ஃபினுக்கு மயிர் கூச்செறிந்தது. ரிப்பன் அவிழ்ப்பதை மட்டும் அவன் விடவில்லை, ஓடுகிற வாக்கிலேயே பிய்த்துக்கொண்டு வந்தான்.

அவளுடைய கடை வளைவும் வந்து போனது. தன் பலகையைத் தானே வாடிக்கைக்காரி மாதிரி பார்த்துக்கொண்டு தாண்டினாள்.

புயெனாவிஸ்தா சதுக்கத்தில் பாதிப் பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள். ஓட்டம் முடிகிற இடத்தில் கட்டிய அலங்கார வளைவு மட்டும் நின்றது. கோவில் பணியாளர் மணிக் கயிற்றருகே போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தியோ ட்ரைசிகிள் மேல் ஏறி நின்று பார்த்தார். தெரு முனையில் ஒரு நைட்டி வந்தது.

"வர்றா! சலூத் வர்றா! யோவ், கயித்த விடுய்யா!"

பணியாளர் கயிற்றை விடவில்லை, இழுக்கவும் இல்லை. சலூத் வளைவுக்குள் விழுந்தாள், டெல்ஃபின் அவள் மேல் விழுந்தான், முதல் மணி அதற்குப் பிறகுதான் விழுந்தது. அந்தப் பணியாளர் வேண்டுமென்றே தாமதித்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த மனிதர் பக்தியுள்ளவர். செருப்பைக் கழற்றாமல் மணி அடிக்கவே மாட்டார். அன்று செருப்பு வார் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாலை மணி அடித்தால் அங்கே எல்லோரும் இருந்த இடத்தில் நின்று ஜெபம் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஓடி வந்து பாதி வழியில் அசையாமல் நின்றார்கள். சலூத் தரையில் கையூன்றி மூச்சு வாங்கினாள். ஆசிரியை அழுதுகொண்டே ஜெபம் சொன்னாள். இத்தனை வருஷம் காத்த சொல்லுக்கு இன்னும் ஒரு ஜெப நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மணி ஓய்ந்தது. நேரம் குறிக்கிற பெண் வந்து, "கடைசியா வந்தது எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"மூணு பேரு" என்றாள் சலூத்.

"ரெண்டுதானே?"

"ரெண்டுன்னே எழுதிக்குங்க" என்றான் டெல்ஃபின் அவசரமாக.

தியோ தண்ணீர் கொண்டுவந்தார். சலூத் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஆறு பேரும் எதிரே நின்றார்கள், அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நின்ற மாதிரி. ஒவ்வொருவர் கையையும் எடுத்துத் தன் வயிற்றில் தையல் இருந்த இடத்தில் வைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

"சலாமாத்."

ஐஸ் உடைக்கிறவன்தான் முதலில் உடைந்தான். "இத்தன நாளா இவங்களுக்கு நம்மளப் பிடிக்கலன்னு நெனச்சேன்" என்று மூக்கை உறிஞ்சினான். ஆசிரியை சிரித்தாள். டெல்ஃபினிடம் வந்தபோது சலூத் அவன் கையை விடவே இல்லை. "கப்பல்ல ஓட இடம் இருக்குமாடா?" என்று கேட்டாள். "சுத்திச் சுத்தி ஓடுவேன் மனாங், இந்தத் தீவு மாதிரியே" என்றான் அவன்.

எல்லோருக்கும் பசி. சலூத் நைட்டிப் பையிலிருந்து நனைந்து நொறுங்கிய பிஸ்கட்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். வாயில் போட்ட பிறகுதான் டெல்ஃபின் பார்த்தான்.

"ஐயோ மனாங், அது அந்த வீட்டுப் பிஸ்கட்டு!"

"எந்த வீட்டு?" என்றாள் ஆசிரியை மெல்வதை நிறுத்தி.

சொன்னார்கள். துக்க வீட்டுத் தீனியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஒரு துணுக்குக்கூட ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. ஆறு பேரும் சலூத்தைத் திட்டிக்கொண்டே சதுக்கத்தின் படியில் உட்கார்ந்து, கடைசித் துகள் வரை தின்று, கையைத் தட்டி, உடுப்பை உதறினார்கள். அதற்குள் குழாய்க்காரரின் கதை முழுவதும் சொல்லியாயிற்று. அவர் பேர் உர்பானோ என்று அன்றுதான் நாலு பேர் தெரிந்துகொண்டார்கள். ஐஸ் உடைக்கிறவன், மறுநாள் ஆறு பேருமாக அந்தப் பந்தலுக்குப் போவது என்று முடிவு செய்தான். யாரும் மறுக்கவில்லை.

இருட்டும் முன் வளைவைப் பிரிக்கத் தொடங்கினார்கள். தியோ வண்டியைக் கிளப்பினார்.

"வா, போலாம். இன்னும் என்ன பாக்குற?"

"பொறுங்க" என்றாள் சலூத். வளைவுக்குக் கீழே போய் நின்றாள். சாய்ந்த கம்பம், சுருட்டிய கயிறு, ஓரத்தில் வாழைப்பழத் தோல் குவியல், கூட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவன்.

"பாத்தீங்களா மனோங்? இவ்வளவுதான் இங்க இருக்கு" என்றாள். "ஆனா வந்து சேர நல்லா இருக்கு, இல்ல?"

நைட்டியை ஒரு தடவை உதறினாள். போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் திரும்பிப் பார்க்காமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.